பேச்சைப் பதிவு செய்யலாம். ஊருக்குப் போட்டுக் காட்டலாமா?

தாம்பரத்தில் இருந்து கடற்கரை செல்லும் மின்சார ரெயில். காலை நேரம். நிற்கக்கூட இடம் இல்லை.

வாசலை ஒட்டி நின்ற வாலிபர் ஒருவர் செல்போனை எடுத்தார். "இதைக் கேளுடா" என்று நண்பரிடம் சொன்னார். பொத்தானைத் தட்டினார்.

ஒரு பெண் அழும் குரல்! "நான் என்ன தப்பு பண்ணேன்? எங்க அம்மா வீட்டுக்குப் போனது ஒரு குத்தமா?" என்று விம்முகிறாள். பெட்டி முழுவதும் கேட்டது. அது அவருடைய மனைவி என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. நண்பர் சிரித்தார். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

கிண்டி வந்ததும் ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்: "ஏன் தம்பி, இப்படிப் போட்டுக் காட்டுறது அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"என் போன். என் சம்சாரம். நான் ரிக்கார்டு பண்றேன். சட்டத்துலயே இடம் இருக்கு சார்!" என்று பட்டென்று பதில் வந்தது.

சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் அந்த வாலிபர் நினைக்கிற இடம் அல்ல!

பம்பாய் டாக்டர் வழக்கு

இந்தக் கதை பம்பாயில் 1964-ல் தொடங்குகிறது. ஒரு நர்சிங்ஹோமில் ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளி இறந்து போனார். மரண விசாரணை நடத்தும் கொரோனர் லஞ்சம் கேட்டார். முதலில் 20 ஆயிரம். பிறகு பேரம் பேசி 10 ஆயிரம்! அந்தக் காலத்து 10 ஆயிரம் என்றால் ஒரு வீடே வாங்கலாம்.

டாக்டர் லஞ்ச ஒழிப்பு போலீசாரிடம் போனார். போலீசார் டாக்டர் வீட்டு டெலிபோனில் டேப் ரிக்கார்டரை மாட்டினார்கள். டாக்டர் பேசினார், கொரோனரும் பேசினார், நாடா ஓடியது.

"தந்திச் சட்டப்படி இது குற்றம்" என்று கொரோனர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். பேசிய இருவரில் ஒருவர் சம்மதித்துத்தான் பதிவு நடந்திருக்கிறது, ஆகவே குற்றம் இல்லை என்று 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. குரல் யாருடையது என்று தெரிய வேண்டும், பேச்சு வழக்குக்குச் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், நாடாவில் எதையும் அழிக்கவில்லை என்று காட்ட வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

இன்றைக்கும் அடிப்படை அதுதான். நீங்கள் பேசுகிற பேச்சை நீங்களே பதிவு செய்வது குற்றம் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லை.

ஆனால் வேறு இருவர் பேசுவதை ஒட்டுக் கேட்டால்? அது அப்பட்டமான குற்றம். 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு 3 ஆண்டு வரை ஜெயில், 2 கோடி ரூபாய் வரை அபராதம். "அவ போன்ல ஒரு ஆப்பு போட்டு வெச்சிருக்கேன்" என்று பெருமை பேசும் கணவன்மார்களும், மகனின் போனை ஒட்டுக் கேட்கும் மாமனார்களும் இதை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

கணவன்-மனைவி சங்கதி கொஞ்சம் சிக்கல். மனைவிக்குத் தெரியாமல் அவர் பேச்சைப் பதிவு செய்தது அந்தரங்க உரிமையைப் பறிப்பது என்று 2023-ல் சத்தீஷ்கார் ஐகோர்ட்டு சொன்னது. 2025 ஜூலை 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு வழக்கில், விவாகரத்து விசாரணையில் அப்படிப்பட்ட பதிவையும் சாட்சியமாக எடுக்கலாம் என்று தீர்ப்பு கூறியது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டால் அந்தக் குடும்பம் ஏற்கனவே உடைந்துவிட்டது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பைத்தான் ரெயில் வாலிபர் காதில் வாங்கியிருக்கிறார். பாதி மட்டும்! கோர்ட்டு கேட்கலாம் என்றால் பெட்டி முழுவதும் கேட்கலாம் என்று அர்த்தமா? நீதிபதிக்கு முன்னால் வைப்பது வேறு. நண்பனைச் சிரிக்க வைக்கப் போடுவது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான்.

அட்வான்ஸ் எங்கே?

சரி, அப்படியானால் பதிவே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை.

எங்கள் தெருவில் பேப்பர், பேனா கடை வைத்திருக்கும் நண்பர் கடையை மாற்றினார். பழைய இடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். "மாசக் கடைசிக்குள்ள தந்துடறேன். ஒரு பைசா பிடிக்க மாட்டேன்" என்று கட்டட உரிமையாளர் போனில் சொன்னார். நண்பரின் போனில் எல்லா அழைப்பும் தானாகவே பதிவாகும். இதுவும் பதிவானது.

நாலு மாதம் ஓடியது. "அட்வான்சா? அதெல்லாம் ரிப்பேர் செலவுக்குக் கழிச்சாச்சுங்களே!"

நண்பர் சிரித்துக்கொண்டே வக்கீலிடம் போனார். கையில்தான் ஆதாரம் இருக்கிறதே! வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "பதிவு பண்ண போன் எங்கே?"

போன் இல்லை. தீபாவளிக்குப் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிவிட்டார். மனைவிக்கு வாட்ஸ்-அப்பில் அனுப்பிய நகல்தான் மிச்சம். அதில் பதிவின் பெயரும் மாறிவிட்டது, தேதியும் மாறிவிட்டது.

அசல் கருவியையே சொந்தக்காரர் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவை இல்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. நகல் என்றால் சான்றிதழ் கட்டாயம். 2024 ஜூலை 1-ந் தேதி வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அந்தச் சான்றிதழுக்கு இரண்டு பகுதி. ஒன்றில் கருவியை வைத்திருப்பவர் கையெழுத்து. மற்றதில் நிபுணர் கையெழுத்து. பதிவுக்குக் கைரேகை போல ஒரு நீளமான குறியீட்டையும் எழுத வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் முழுக் குறியீடும் மாறிவிடும்.

ஆகவே வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள், சத்தத்தைக் கூட்டுகிறேன் என்று கை வைக்காதீர்கள். போனை அப்படியே வையுங்கள். பழைய போனுக்குக் கிடைக்கும் மூவாயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு ஒன்றரை லட்சத்தை விடலாமா?

"இந்த அழைப்பு பதிவாகிறது"

2022 மே 11-ந் தேதி முதல் பதிவு செய்யும் வெளி ஆப்புகளுக்குக் கூகுள் வழியை அடைத்துவிட்டது. கூகுளின் டயலர் உள்ள போன்களில் பதிவைத் தட்டினால் இரண்டு பக்கமும் அறிவிப்பு கேட்கும். ஐபோனில் 2024 அக்டோபரில்தான் இந்த வசதி வந்தது. அதிலும் அறிவிப்பு உண்டு. வாட்ஸ்-அப்பில் பேசினால் டயலரின் பதிவுப் பொத்தான் வேலை செய்யாது. பணம் தர வேண்டியவர்கள் பலர் ஏன் வாட்ஸ்-அப்பிலேயே கூப்பிடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

அறிவிப்பு வருவது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. வங்கிக்காரர்கள் நம்மிடம் "இந்த உரையாடல் பதிவு செய்யப்படலாம்" என்று சொல்லிவிட்டுத்தானே பேசுகிறார்கள்? நாமும் சொல்லிவிட்டுப் பேசுவோமே! காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருக்கிறது. ராத்திரி 9 மணிக்குக் கூப்பிட்டு மிரட்டுகிறவர், "பதிவாகிறது" என்ற குரலைக் கேட்டதும் "சார், வணக்கம் சார்" என்று இறங்கி வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

லஞ்சம் கேட்பவர் விஷயம்தான் வேறு. அறிவிப்பைக் கேட்டால் அவர் வாயே திறக்க மாட்டார். அதற்குப் பம்பாய் டாக்டர் வழிதான் சரி. முதலில் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். தலைமை அலுவலகம் ஆலந்தூரில்தான் இருக்கிறது. கட்டாயத்தால் லஞ்சம் கொடுத்துவிட்டாலும் 7 நாளைக்குள் புகார் செய்தால் உங்கள் மேல் குற்றம் இல்லை என்று 2018-ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

கடை நண்பரும் புது போனில் இருந்து கட்டட உரிமையாளரைக் கூப்பிட்டுப் பார்த்தார். அறிவிப்பு முழுதாக முடியவில்லை. "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று மனிதர் வைத்துவிட்டார்!

போன சனிக்கிழமை ரிச்சி தெருவுக்கு நானும் அவரோடு போனேன். பழைய போனை வாங்கிய கடைக்காரர் நோட்டைப் புரட்டினார். போன் இன்னும் விற்கவில்லையாம். நண்பர் முகம் மலர்ந்தது.

"ஆனா சார், உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சுட்டுத்தான் நாங்க அலமாரியில வைப்போம்" என்றார் கடைக்காரர்.