கண்மாய் வேலையில் பங்குத்தொகை கேட்டால் கணக்கும் காட்ட வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

குண்டாற்றுப் படுகையின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் நெல். இல்லையென்றால் வயல் தரிசு. கண்மாய் மராமத்துக்கு ஆயக்கட்டு விவசாயிகளிடம் பங்குத்தொகை கேட்பதை எங்கள் கூட்டமைப்பு எதிர்க்கவில்லை. காசு கொடுத்தவருக்கு வேலையின் திட்டத்திலும் கணக்கிலும் கண்மாயின் வருமானத்திலும் இடமில்லை என்பதையே எதிர்க்கிறோம்.

ஊரே சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தை 2017இல் தமிழக அரசு மீண்டும் தொடங்கியபோது, பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ பத்து விழுக்காடு விவசாயிகளின் பங்கு என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் பாசன சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலை பார்த்தார் என்ற புகார் பல மாவட்டங்களில் எழுந்தது. அப்படி நடந்த இடத்தில் பங்கு என்பது வெறும் ரசீது. கட்டாயமும் இதற்கு மருந்தல்ல. 1858இலேயே சென்னை மாகாணத்தில் குடிமராமத்துக்கு வராதவர்களைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. அதனால் குடிமராமத்து பிழைக்கவில்லை.

ஊர்க்காரர்களைக் கேட்காமல் மண் அள்ளினால் என்ன ஆகும்? பொக்லைன் கரையோரமாகவே தோண்டி, அதே மண்ணைக் கரையில் கொட்டிவிட்டுப் போகும். பார்க்கக் கண்மாய் ஆழமாகத் தெரியும். மடை மட்டத்துக்குக் கீழே தேங்கிய தண்ணீர் ஆடுமாடு குடிக்க உதவுமே தவிர, வயலுக்கு ஏறாது. எந்த மடை ஒழுகுகிறது, வரத்துக்கால் எங்கே தூர்ந்தது, எங்கே ஆக்கிரமிப்பு என்பதெல்லாம் மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சிக்கு மனப்பாடம். அவர் சொல்வது மதிப்பீட்டில் ஏற வேண்டும். கலுங்கை உயர்த்துவதானால் கீழ்க்கண்மாய் ஊரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். இங்கே ஒரு கண்மாயின் மறுகால்தான் அடுத்ததற்கு வரத்து.

ஊர் என்றால் பட்டாதாரர் மட்டுமல்ல என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். உள்வாயில் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பது அவசியமே. ஆனால் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். ஊருணியில் தண்ணீர் எடுக்கும் பெண்களும் கிடை போடுவோரும் கூட்டத்தில் இல்லாமல் எடுக்கிற முடிவை ஊர் முடிவு என்று நாங்கள் ஏற்க மாட்டோம்.

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத் துறைக்கு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. உடைமை யாரிடம் இருந்தாலும், மீன்பாசி, மர ஏலத் தொகையில் ஒரு பகுதி அந்தக் கண்மாயின் பராமரிப்புக்கென்றே தனி வங்கிக் கணக்கில் சேர வேண்டும். அதைப் பாசன சங்கமும் ஊராட்சியும் சேர்ந்து நிர்வகிக்க வேண்டும். மதுரை தானம் அறக்கட்டளையின் வயலகம் எனும் பாசன சங்கங்கள் விவசாயிகளின் பங்களிப்போடு கண்மாய்களைச் சீரமைத்துக் காட்டியிருக்கின்றன. இது நடக்காத காரியமல்ல. கைநிதி இருந்தால், மழைக்கு முன் ஒரு மடைப் பலகையை மாற்ற அடுத்த அரசுத் திட்டம் வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

மதிப்பீடு கிராம சபையில் தமிழில் படிக்கப்பட்டு ஒப்புதல் பெறாத எந்தக் கண்மாய் வேலைக்கும் எங்கள் உறுப்பினர்கள் பங்குத்தொகை தர மாட்டார்கள். வேலை முடிந்ததும் அளவுப் புத்தகத்தை அதே சபையில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றில் மார்ச் 22 சபை தண்ணீர் தினத்துக்கென்றே கூடுவது. உங்கள் ஊர்ச் சபைக்குத் தவறாமல் வாருங்கள், மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.