நிறமும் குணமும்

மந்திரவாதி ஒருவனை வரைந்து காட்டுமாறு ஒரு சிறுவனிடம் கூறினால், அவன் கை உடனே கரிய வண்ணத்தைத் தேடும். கரிய மேனி, சிவந்த கண்கள், தொங்கும் தாடி, விரிந்த சடை, கையில் மண்டையோடு பொருத்திய கோல், பின்புறத்தில் ஒரு மலைக்குகை ஆகிய யாவும் சிறிது நேரத்தில் தாளில் அமைந்துவிடும். அச்சிறுவன் மந்திரவாதியைக் கண்டவன் அல்லன். கதைநூல்களின் படங்களும் திரைப்படங்களுமே அவனுக்கு அவ்வுருவைக் கற்பித்தன. எழுத்தறியாதார்க்கும் பாடம் சொல்லும் ஆசிரியர் ஓவியம். அவ்வாசிரியர் கற்பிப்பது முறைதானா என்று ஆராய்தல் வேண்டும்.

நிறத்தைக் குறியாக ஆளுதல் குற்றம் அன்று. கள்ளக்குறிச்சி வட்டாரத்து ஊர்களில் தெருக்கூத்து விடிய விடிய நிகழும். முற்காலத்தில் தீப்பந்தமே அதற்கு விளக்கு. தொலைவில் அமர்ந்திருப்போர்க்குக் கூத்தர் முகத்தின் நுண்ணிய மெய்ப்பாடு புலப்படாது. ஆதலின் அவர்கள் முகத்தில் அழுத்தமாக வண்ணம் தீட்டினர். கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரமுடியும் புயக்கீர்த்தியும் மார்புப்பதக்கமும் அணிந்தனர். திரை விலகியதும் வந்தவன் இன்னான் என்பதை அவையோர் அறிந்துகொண்டனர். பரதமுனிவர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரமும் சுவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வகுத்துள்ளது. வெகுளிக்குச் சிவப்பு, அச்சத்திற்குக் கருமை, நகைக்கு வெண்மை, வியப்புக்கு மஞ்சள் என்பன அவற்றுட் சில. அந்நூல் கருமையை அச்சம் என்னும் சுவைக்கு உரியதாக்கியதேயன்றிக் கரிய மேனியுடைய மாந்தர்க்கு உரியதாக்கவில்லை. சுவைக்கு இட்ட நிறத்தை ஆளுக்கு இட்டதே பிற்காலத்தார் செய்த பிழை.

நிறத்திற்கு மாறாத பொருள் ஒன்று உண்டு என்பதும் பொருந்தாது. தொல்காப்பியம் முல்லை நிலத்துக்கு மாயோனையும் குறிஞ்சி நிலத்துக்குச் சேயோனையும் தெய்வமாகக் கூறும். மாயோன் கரியவன், சேயோன் சிவந்தவன். அச்சத்தின் நிறம் எனப்பட்ட கருமை இங்கே காக்கும் கடவுளின் மேனியாயிற்று. வெகுளியின் நிறமாகிய செம்மை முருகனின் அழகாயிற்று. உழவன் கார்முகிலின் கருமையைக் கண்டு அஞ்சுவதில்லை, மகிழ்கிறான்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் கிடைக்கும் கடுக்காயும் இவ்வுண்மையையே உணர்த்துகிறது. கடுக்காய் நீரில் தோய்த்த துணியின்மேல் இரும்புச் சாறு பட்டால் கறுப்பு நிறம் தோன்றும். அதே கடுக்காயுடன் படிகாரம் சேர்ந்தால் மஞ்சள் நிறம் தோன்றும். காய் ஒன்றே, சேர்க்கையால் நிறம் வேறுபட்டது. நிறத்தின் பொருளும் அவ்வாறே சேர்க்கையால் அமைவது.

தேர்ந்த கதையாசிரியர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். விக்கிரமாதித்தன் கதையில் நாள்தோறும் அரசனுக்குக் கனி கொண்டுவந்து கொடுப்பவன் ஒரு துறவி. சுடுகாட்டு மரத்தில் தொங்குவது வேதாளம். காண்பவர் துறவியை வணங்குவர். வேதாளத்தைக் கண்டு ஓடுவர். முடிவில் அத்துறவியே அரசனைப் பலியிட எண்ணிய மந்திரவாதி என்பதும், வேதாளமே அவனைக் காத்தது என்பதும் வெளிப்படுகின்றன. ஆங்கில ஆசிரியர் டோல்கியன் 1954ஆம் ஆண்டு வெளியிடத் தொடங்கிய பெருங்கதையிலும் இத்தகைய நுட்பம் காணப்படுகிறது. அதில் மாயவல்லார் குழுவின் தலைவனாகிய சாருமான் வெண்மைக்கு உரியவன். அவனே இரண்டகம் செய்கிறான். சாம்பல்நிற உடையில் வழிப்போக்கர்போல் அலையும் காண்டால்பு என்பவரே நல்லோர்க்குத் துணையாகிறார்.

இவை யாவினும் சிறந்த சான்று அமெரிக்க ஆசிரியர் பாம் 1900ஆம் ஆண்டு எழுதிய ஓசு நாட்டு மாயவித்தைக்காரன் கதையில் உள்ளது. அந்நாட்டுத் தலைநகருக்கு மரகத நகரம் என்று பெயர். நகருள் நுழைவோர் அனைவரும் பச்சைக் கண்ணாடி அணியவேண்டும் என்பது மாயவித்தைக்காரனின் ஆணை. அணிந்தவர்க்கு நகரம் முழுவதும் பச்சையாகத் தோன்றிற்று. பசுமை பெரிதும் கண்ணாடியில் இருந்தது. மக்களோ அது நகரத்தில் இருப்பதாக நம்பினர். அக்கதை 1939ஆம் ஆண்டு வண்ணத் திரைப்படமாக வந்தபோது தீய சூனியக்காரியின் முகத்துக்குப் பச்சை வண்ணம் பூசினர். மூலநூலில் அவள் பச்சை நிறத்தவள் அல்லள். பின்வந்த ஓவியர் பலர் சூனியக்காரிக்குப் பச்சை முகமே வரைந்தனர். கண்ணாடி அணிவிக்கும் ஆற்றல் ஓவியர்க்கும் உண்டு என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுவதில்லை.

இதனால் விளையும் தீங்கு யாது என்று சிலர் வினவலாம். தீங்கு கதைக்கு வெளியே விளைகிறது. கல்வராயன் மலையில் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். காட்டையும் அதன் மரஞ்செடிகளையும் அறிந்தவர்கள் அவர்கள். தேனும் கடுக்காயும் புளியும் சுமந்து சந்தைக்கு இறங்கும் முதியவர் ஒருவரை நகரத்துச் சிறுவன் காண்கிறான் எனக் கொள்க. வெயிலில் கறுத்த மேனி, நரைத்த தாடி, கையில் ஊன்றுகோல், பையில் வேர்கள். கதைநூலின் படத்தில் கண்ட உருவம் அப்படியே எதிரில் நிற்பதாக அவன் மருளுவான். வணங்கத்தக்க அறிவுடையாரைக் கண்டு அவன் விலகி ஓடுவானாயின் அப்பழி எவரைச் சாரும்? வட இந்தியாவின் சில பகுதிகளில் எளிய பெண்டிரைச் சூனியக்காரிகள் என்று பழித்துத் துன்புறுத்திய கொடுமை மிகுந்தமையால், பீகார் மாநிலம் 1999ஆம் ஆண்டு அதனைத் தடுக்கத் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. அக்கொடுமைக்குப் படங்களே காரணம் என்று கூறுதல் மிகை. ஆயினும் தோற்றத்தைக் கண்டு ஒருவரைத் தீயவர் எனத் துணியும் பழக்கத்தைப் படங்கள் இளமையிலேயே ஊட்டிவிடக் கூடாதன்றோ?

கேரள நாட்டுக் கதகளியில் ஒரு வேடம் உண்டு. உயர்குண மாந்தர்க்குப் பச்சை முகம் தீட்டும் அக்கலை, காட்டு வேடர்க்குக் கருந்தாடி அணிவிக்கும். அருச்சுனன் தவம் செய்த கதையில் கருந்தாடியுடன் வரும் வேடன் உண்மையில் சிவபெருமான். தோற்றத்தால் மயங்கிய அருச்சுனன் இறைவனோடே போர்புரிகிறான். வில்லில் வல்லவனாயினும், எதிர்நின்றவரை அறிவதில் அவன் தவறினான். கருந்தாடியின் உள்ளே கடவுளும் இருக்கலாம் என்பதே அக்கதை கற்பிக்கும் பாடம்.

நிறக்குறி இல்லாவிடில் தீயவனைச் சிறுவர் எவ்வாறு அறிவர் என்பது சிலர் கூறும் தடை. அதற்கு விடை கள்ளக்குறிச்சியிலேயே உள்ளது. இங்குள்ள மரச்சிற்பங்கள் 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பெருமை உடையன. அவற்றுட் பெரும்பாலானவை வண்ணம் பூசாமல் மரத்தின் இயல்நிறத்திலேயே விளங்குகின்றன. காக்கும் தெய்வத்தையும் அதன் காலடியில் வீழ்ந்த அசுரனையும் சிற்பி ஒரே மரத்தில், ஒரே நிறத்தில் செதுக்குகிறான். ஆயினும் காண்போர் இருவரையும் மாறி உணர்வதில்லை. அருள் காட்டும் கை ஒன்று. ஓங்கிய கை மற்றொன்று. அவரவர் செயலே அவரவர் யார் என்பதைக் கூறுகிறது. வரைகோல் ஏந்திய ஓவியர்க்கு இவ்வுளி நல்லாசிரியன்.

மந்திரம் என்பது நிறைந்த மொழியாற்றல் உடையோர் பிறர் அறியாவாறு ஆணையிட்டுக் கூறும் சொல் என்பது தொல்காப்பியர் கருத்து. அவ்விலக்கணத்தில் உடையின் நிறமும் இல்லை. உடலின் நிறமும் இல்லை. மாணவர் மந்திரவாதிப் படம் வரைவதைக் கைவிட வேண்டுவதில்லை. விந்தைக் கதைகள் உள்ளத்தை வளர்ப்பன. ஆனால் அவனைத் தீயவனாகக் காட்ட விரும்பினால், அவன் செய்த தீமையை வரைக. பறித்த பொருளையும் அழுகின்ற குழந்தையையும் அருகில் வரைந்தால் எவ்வண்ணமும் இன்றியே அவன் தீமை விளங்கும். கரிய வண்ணத்தைக் கார்முகிலுக்கும் கல்வராயன் மலையின் இரவுக்கும் தாராளமாக வழங்குக. குற்றமற்றவர் முகத்தில் பழியாகப் பூசாதிருக்க.