லாங் ரைடு போனால் இடுப்பு வலிக்கிறதா? பைக் சஸ்பென்ஷனை மாற்றும் முன் ஒரு டேப் எடுங்க!

சனிக்கிழமை அதிகாலை பெங்களூருவில் கிளம்பி ஹம்பி போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பைகள். சித்ரதுர்கா வரை பிரச்னையே இல்லை, ஹெல்மெட்டுக்குள் பாட்டு கேட்டுக்கொண்டே போய்விடலாம். நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச் சாலையில் இறங்கினதும்தான் வேலை ஆரம்பிக்கிறது. வேகத்தடையில் பின்பக்கம் ‘டம்’ என்று அடி வாங்குகிறது. பள்ளத்தில் இறங்கினால் அதிர்ச்சி நேராக இடுப்புக்கு வருகிறது. திங்கட்கிழமை ஆபீஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. அன்று மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே புது ஷாக் அப்சார்பர் தேட ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்க. ஆர்டர் போடுவதற்கு முன் தையல் டேப் ஒன்றை எடுத்து பைக்கை அளந்து பாருங்க. பலருக்குப் புது ஷாக் தேவையே இருக்காது. தேவைப்படுகிறவர்களும் எதை வாங்க வேண்டும் என்பதை அந்த அளவுதான் சொல்லும்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதைத் தாண்டினால் கதை வேறு. முன்பு செஸ் சேர்த்து 31 சதவீதமாக இருந்த வரி 40 ஆகிவிட்டது. ஹிமாலயன் 450, இன்டர்செப்டர் 650, கேடிஎம் 390 அட்வெஞ்சர் என்று டூரிங்குக்கு நம்மவர்கள் ஆசைப்படும் வண்டிகள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வருகின்றன. அதே நேரத்தில் வாகன உதிரி பாகங்கள் எல்லாமே 18 சதவீத வரிக்குள் வந்துவிட்டன. அதனால் ‘பைக்கை மாற்றுவதா, இருக்கிற பைக்கைச் சரி பண்ணுவதா’ என்ற கணக்கில் இரண்டாவது பக்கம் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது.

சாலை மட்டும் மாறவில்லை. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டக்கூடியதாக இருக்க வேண்டும். உங்க தெருவில் இருப்பதை ஒருமுறை பாருங்க, போதும். 2022-ல் மட்டும் சாலைப் பள்ளங்களால் நடந்த 4,446 விபத்துகளில் 1,856 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. நல்ல சஸ்பென்ஷன் இருந்தால் பள்ளம் மூடிவிடாதுதான். ஆனால் டயர் தரையோடு ஒட்டியிருந்தால்தான் பிரேக் பிடிக்கும், வண்டி திரும்பும். அந்த டயரைத் தரையில் வைத்திருப்பது சஸ்பென்ஷனின் வேலை. சொகுசு அதற்குப் பிறகுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. அதைச் சுற்றி நடக்கும் ஆட்டத்தை அடக்குவது டேம்பர், அதாவது சின்ன ஓட்டைகள் வழியாக எண்ணெயைத் தள்ளும் ஒரு பம்பு. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி பந்து மாதிரி குதித்துக்கொண்டே இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், கம்பெனி எல்லோருக்கும் ஒரே ஸ்பிரிங்தான் போட முடியும். 55 கிலோ ஆள் தனியாக ஓட்டுவதற்கும் அதே ஸ்பிரிங், 90 கிலோ ஆள் மனைவியையும் லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு லடாக் போவதற்கும் அதே ஸ்பிரிங். அது யாருக்கும் முழுசாகப் பொருந்தாது. இடைவெளியை அட்ஜஸ்ட் பண்ணத்தான் பிரீலோட் என்ற திருகு இருக்கிறது. இதைப் பற்றி நம் ஊர்களில் ஒரு பெரிய தவறான நம்பிக்கை உண்டு: பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று. ஆகாது. ஸ்பிரிங் அதேதான். வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பது மட்டும்தான் மாறும்.

டேப் எடுத்து என்ன அளப்பது?

நீங்க ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதை. ரைடர்கள் இதை ‘ஸாக்’ என்பார்கள். பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்படி சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்க. ஸ்டாண்ட் இல்லையென்றால் இரண்டு நண்பர்கள் தூக்கட்டும். சக்கர அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள ஏதாவது ஒரு போல்ட் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்க. பிறகு வண்டியைக் கீழே இறக்கி, ஜாக்கெட், ஹெல்மெட், லக்கேஜ் எல்லாவற்றோடும் ஏறி உட்காருங்க. கால் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கட்டும், ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு முறை அமுக்கிவிட்டு, அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மறுபடி அளக்கச் சொல்லுங்க. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க ஸாக்.

அது பின் சக்கரத்தின் மொத்த அசைவு தூரத்தில் ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்தால் நல்லது. ஹிமாலயன் 450-க்கு பின்பக்க அசைவு 200 மி.மீ., அப்படியென்றால் 60 மி.மீ. பக்கம். இன்டர்செப்டருக்கு மொத்தமே 88 மி.மீ.தான், எனவே 26 மி.மீ. அளவில் இருக்க வேண்டும்.

ஏன் தாழ வேண்டும், விறைப்பாக நின்றால் நல்லதுதானே என்று கேட்கலாம். பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கிப் போக இடம் வேண்டுமே! தாழ்வே இல்லாமல் பிரீலோடை முழுசாக முறுக்கி வைத்திருந்தால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காது, மொத்த வண்டியும் உங்களோடு சேர்ந்து விழும். லடாக் ட்ரிப்புக்காக முறுக்கிவிட்டு, திரும்பி வந்து அதே செட்டிங்கில் தனியாக ஆபீஸ் போய்க்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். ‘வண்டி இப்போ ரொம்ப ஹார்டா இருக்கு’ என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். சி-ஸ்பேனர் ஒன்று போதும், ஐந்து நிமிட வேலை.

இதோடு இன்னொரு அளவும் எடுங்க. ஆள் ஏறாமல், வண்டியின் சொந்த எடைக்கே அது கொஞ்சம் தாழ வேண்டும், சுமார் ஒரு செ.மீ.யாவது. நீங்க உட்கார்ந்தால் ஸாக் சரியாக இருக்கிறது, ஆனால் காலி வண்டி கொஞ்சமும் தாழவில்லை என்றால் உங்க எடைக்கு அந்த ஸ்பிரிங் மெல்லியது. பிரீலோடை முழுசாக ஏற்றியும் ஸாக் அதிகமாகவே இருந்தாலும் அதே முடிவுதான். இந்த இடத்தில்தான் பணம் செலவழிப்பதில் அர்த்தம் வருகிறது.

சரி, எதை மாற்றலாம்?

முதலில் சில்லறை வேலைகள். டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொண்டு வாங்க. பெட்ரோல் பங்க்கில் கண்மூடித்தனமாக 40 அடித்துவிட்டு சஸ்பென்ஷனைத் திட்டுவது நியாயமில்லை. முன் ஃபோர்க் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? என்ஜின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட இதைத் தொடுவதே இல்லை. பழசான எண்ணெய் டேம்பிங்கை இழந்துவிடும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் மூக்கைத் தரையில் வைக்கும். மழைக்காலம் முடிந்ததும் பின்பக்க லிங்க்கேஜ் பேரிங்குகளுக்குக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்க.

அடுத்தது ஸ்பிரிங். உங்க எடைக்கேற்ற ஸ்பிரிங் மட்டும் கிடைத்தால், அதுதான் கொடுக்கிற காசுக்கு அதிகம் திருப்பித் தரும் மாற்றம். என் கருத்தில், தங்க நிற டப்பா தொங்கும் விலை உயர்ந்த ஷாக்கில் தப்பான ஸ்பிரிங் இருப்பதைவிட, சாதாரண ஷாக்கில் சரியான ஸ்பிரிங் இருப்பது எவ்வளவோ மேல். (ரீல்ஸில் முதலாவதுதான் அழகாக இருக்கும், அது வேறு விஷயம்.)

முழு ஷாக்கையே மாற்றுவதாக இருந்தால், கடைக்காரர் உங்க எடையையும் லக்கேஜ் எடையையும் கேட்கிறாரா என்று பாருங்க. கேட்கவில்லை என்றால் வேறு கடை. நீளம் பழைய ஷாக்கின் அளவிலேயே இருக்கட்டும். பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து, ஹேண்டில் படபடவென்று திரும்ப ஆரம்பிக்கும். லக்கேஜோடு நெடுஞ்சாலையில் அது வேண்டாத குணம். தாழ்ந்தால் வேகத்தடையில் அடி தட்டும். ரீபவுண்ட் திருகு இருந்தால் நல்லது, ஆனால் அதை முழுசாக மூடிவிடாதீங்க. அடுத்தடுத்து பள்ளம் வரும்போது ஷாக் மேலே எழவே நேரம் கிடைக்காமல் ஒவ்வொரு அடியிலும் கீழேயே உட்கார்ந்துவிடும். காஸ் நிரப்பிய ஷாக் என்றால், உங்க ஊரில் அதைப் பிரித்து நைட்ரஜன் ஏற்றித் தருகிற ஆள் இருக்கிறாரா என்றும் விசாரிங்க. இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கூரியர்தான்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அளவோடு வைத்துக்கொள்ளுங்க. 88 மி.மீ. அசைவுள்ள வண்டியில் எவ்வளவு பணம் போட்டாலும் எல்லாம் அந்த 88 மி.மீ.க்குள்தான் நடக்க வேண்டும். அது ஹிமாலயனாக மாறாது.

போலீஸ் பிடிக்குமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ‘மாற்றம்’ என்றால் வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அதன் அமைப்பை மாற்றுவது என்று 52-வது பிரிவே விளக்கமும் தருகிறது. ஆர்சியில் ஷாக்கின் பிராண்டுக்கு இடமில்லை. அதே நீளம், அதே போல்ட், சேஸிஸில் கை வைக்காத மாற்றம் என்றால் அது இந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கிறது என்று வாதிட இடம் இருக்கிறது. ஸ்விங்ஆர்மை நீட்டுவது, சப்ஃபிரேமை வெட்டி வெல்டு அடிப்பது, முன்பக்கம் வேறு வண்டியின் ஃபோர்க்கைப் போடுவது எல்லாம் அப்படியல்ல. அங்கே போகாதீங்க.

சாலையில் நிறுத்தும் போலீஸைவிட, விபத்துக்குப் பிறகு வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர்தான் உண்மையான கவலை. ஷாக்கை மாற்றியதும் பில்லோடு சேர்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்க. வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாக ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்று சொல்வதை நம்பாமல் அதையும் எழுத்தில் கேளுங்க. பழைய ஷாக்கைத் தூக்கிப் போடவும் வேண்டாம். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் ஒரிஜினல் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.

புது ஸ்பிரிங் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் கொஞ்சம் படியும். அப்போது டேப்பை மறுபடி எடுங்க. தனியாகப் போகும்போது எத்தனை கிளிக், பின்னால் ஆள் இருந்தால் எத்தனை கிளிக் என்று போனில் குறித்து வைத்துவிட்டால், ஹம்பிக்குக் கிளம்பும் அதிகாலையில் டார்ச் அடித்துக்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.