நாற்றம் நீங்காத பாட்டில்

பாலோ பழச்சாறோ கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பாட்டில், பலமுறை கழுவியும் நாறுவதுண்டு. பிளாஸ்டிக், கண்ணாடியைப் போலன்றி, கொழுப்பையும் மணத்தையும் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும். ஆயினும் அழுக்கு பெரும்பாலும் தங்குவது மூடியிலுள்ள ரப்பர் வளையத்தின் அடியிலேயே. முதலில் அதனைக் கழற்றிச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவுவோம். பின்னர், பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, இரவு முழுவதும் ஊறவிடுவோம். புளித்த பாலின் அமிலத்தை அது முறிக்கும். காலையில் நன்கு அலசி, மூடாமல் உலர்த்துவோம். ஈரத்தோடு மூடினால் கிருமிகள் மீண்டும் பெருகும்.

நாற்றம் விரைவில் போகட்டுமென்று பிளீச்சிங் பவுடரோடு வினிகரைக் கலத்தல் ஆகாது. குளோரின் என்னும் நச்சுவாயு வெளிப்படும். உட்புறம் கீறல் விழுந்து, நாற்றமும் நீங்காதாயின், அதனை விலக்கிவிடுவோம். பாட்டிலின் விலையினும் பிள்ளைகளின் உடல்நலமே பெரிதன்றோ!