விதி பாரிசில், வேலை மும்பையில்

பெருநிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் செய்து தருவோரிடம் கையொப்பம் பெறும் ‘வழங்குநர் நடத்தை விதிகள்’ என்னும் ஆவணத்தைப் படிப்பவர், இது ஏதோ ஒரு தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலோ என்று மயங்கக்கூடும். குழந்தை உழைப்பு கூடாது. கட்டாய உழைப்பு கூடாது. குறைந்தபட்சக் கூலி, வேலைநேர வரம்பு, தீ பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை ஆகிய அனைத்தும் உறுதிசெய்யப்பட வேண்டும். அதில் காணக் கிடைக்காதது ஒன்றுதான்: அந்நிறுவனம் கொடுக்கப்போகும் விலை.

மும்பை இதற்குத் தெளிவான சான்று. உலகின் விலையுயர்ந்த ஆடைகள் பலவற்றில் மின்னும் மணிவேலையும் ஜரிகைவேலையும் இந்நகரின் பட்டறைகளில் கையால் செய்யப்படுபவை. 2016இல் எல்விஎம்எச், கெரிங், பர்பெரி, மல்பெரி ஆகிய ஐரோப்பிய நிறுவனங்கள் ‘உத்தான்’ என்னும் உடன்படிக்கையில் இணைந்தன. மும்பைப் பட்டறைகளைப் பாதுகாப்பானவையாக்குவதும் கைவினைஞர்களின் நிலையை உயர்த்துவதும் அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் அது சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தவில்லை. 2020 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வு, கம்பியடைத்த சன்னல்களும் அவசர வழியற்ற அறைகளும் கொண்ட பட்டறை ஒன்றைக் காட்டியது. நாளொன்றுக்குச் சில டாலர் கூலிக்கு உள்ஒப்பந்த வேலை செய்தவர்களில் சிலர், இரவில் அதே தரையில் படுத்துறங்கினர்.

இதை மேற்பார்வையின் குறைபாடு என்று கூறுவது நிறுவனங்களின் வழக்கம். உண்மையில், விலையைக் குறைத்து, கெடுவையும் சுருக்கினால், ஆர்டர் எடுத்தவர் அதைக் கீழே தள்ளிவிடுவார். தணிக்கையாளர் பார்ப்பது முதல் படியிலுள்ள பளபளப்பான ஆலையை. வேலை நடப்பதோ நான்காவது படியில். 2024இல் மிலான் நீதிமன்றம் டியோர் நிறுவனத்தின் இத்தாலியத் துணை நிறுவனமொன்றை நீதிமன்ற நிர்வாகத்தின்கீழ் வைத்தபோது வெளிவந்த கணக்கு இதனை நிறுவும்: கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற கைப்பையைத் தைத்துச் சேர்த்ததற்கு வழங்குநருக்குக் கிடைத்தது 53 யூரோ. ஆக, இது ‘மூன்றாம் உலக’ நோய் அன்று.

தணிக்கைச் சான்றிதழின் மதிப்பைக் கராச்சி என்றோ கூறிவிட்டது. 2012 செப்டம்பரில் அங்கு அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவ்வாலை சர்வதேசத் தொழிலாளர் தரச் சான்றிதழைப் பெற்றிருந்தது.

விதித்தொகுப்புகளில் ‘உள்நாட்டுச் சட்டங்களைப் பின்பற்ற வேண்டும்’ என்னும் வாசகம் தவறாது இடம்பெறும். அந்தச் சட்டம் தாராவியின் மாடி அறையில் என்ன சொல்கிறது? மகாராஷ்டிரத்தின் 2017ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களைப் பெரும்பாலான கடமைகளிலிருந்து விடுவித்தது. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களோ, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 20 பேர், பயன்படுத்தாத இடத்தில் 40 பேர் இருந்தால்தான் அது ‘தொழிற்சாலை’ என்கின்றன. எட்டுப் பேர் கொண்ட அறையில் மீறுவதற்கே சட்டம் அதிகமில்லை. விதியைப் பின்பற்றியதாக அங்கே நிறுவனம் மனச்சான்றுடன் கையொப்பமிடலாம்!

உற்பத்தி இவ்வாறு அறைகளாகச் சிதறியது இயற்கையாக நிகழ்ந்ததன்று. 1982 ஜனவரியில் தொடங்கிய மும்பை பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர் பங்கேற்றனர். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நெசவு பிவண்டியின் விசைத்தறிக் கூடங்களுக்குள் சென்றது. சங்கத்தோடு ஒப்பந்தம் போட்ட ஆலை மறைந்த இடத்தில்தான், சங்கமில்லாத பட்டறைக்கு நிறுவனமே எழுதித்தரும் ‘நன்னடத்தை’ வந்து அமர்ந்தது. பேரம் பேசிப் பெற்ற உரிமை, மேலிருந்து வழங்கப்படும் கருணையாக மாறியது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. அது தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திண்டுக்கல் ஆடை ஆலையொன்றில் பணிபுரிந்த தலித் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொலையுண்ட பின், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. 2022இல் ஈஸ்ட்மேன் ஏற்றுமதி நிறுவனமும் எச்&எம் நிறுவனமும் சங்கத்துடனும் அதன் ஆதரவு அமைப்புகளுடனும் உடன்படிக்கைகள் செய்துகொண்டன. பாலியல் வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிரான அவை, செயல்படுத்தக் கட்டாயப்படுத்தத்தக்கவை. வழங்குநர் மீறினால் வணிகத்தில் விளைவு உண்டு. ஆலைத் தளத்தில் கண்காணிப்பவர்கள் பயிற்சி பெற்ற தொழிலாளப் பெண்களே. உத்தானில் இல்லாதது இதுதான். கூலிப் பிரச்சினையை அதுவும் தீர்த்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாராவியில் இது அவசரமான பிரச்சினை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் தோல் பதனிட்டு உருவாக்கிய பகுதி, அதானி குழுமம் 80 விழுக்காட்டுப் பங்கு வைத்திருக்கும் மறுசீரமைப்புத் திட்டத்தின் பிடியில் இருக்கிறது. பட்டறைகள் இடம்பெயரும்போது, தோல் பை தைப்பவரும், பீஸ் கணக்கில் நூல் பிசிறு வெட்டும் பெண்களும் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் இன்னும் கீழ்ப்படிக்குப் போவார்கள். அங்குள்ள ஜரிகைத் தொழிலாளி பெரும்பாலும் பீகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்த முஸ்லிம். தோல் தொழிலாளி பெரும்பாலும் தலித். தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்த் தோழர்கள் தமிழர் சங்கங்களின் வட்டத்தைத் தாண்டி அந்த அறைகளுக்குள் செல்ல வேண்டும்: எந்த நிறுவனத்தின் வேலை எந்த மாடியில் என்ன விலைக்கு நடக்கிறது என்னும் பட்டியலைத் தொழிலாளரோடு சேர்ந்து தயாரிப்பதே முதல் வேலை.