எடைக்குப் போடச் சொல்பவர்களுக்கு

“மானியம்தான் தர்றாங்களே, அந்தப் பழைய மிஷினை எடைக்குப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமே?”

தோட்டத்துக்கு வரும் நகரத்து நண்பர்களில் பாதிப் பேர் இதைக் கேட்காமல் கிளம்புவதில்லை. அவர்கள் கண்ணை உறுத்துவது களத்தோரம் நிற்கும் சிப்பர். கிளை, தென்னை மட்டை எதைக் கொடுத்தாலும் கடித்துத் தூளாக்கும். டிராக்டர் பி.டி.ஓ.வில் மாட்டி ஓட்டுவது. பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தேன். எடைக்குப் போடச் சொல்பவர்களுக்கு ஒருமுறை விவரமாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இது எதற்கு? 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் வைத்தால் ஏக்கருக்கு 70 தென்னை. ஒரு மரம் வருஷத்துக்குச் சுமார் 12 மட்டை தள்ளும். ஏக்கருக்கு 840 மட்டை ஆச்சுங்களா? அதோடு வேலியில் கழிக்கிற கிளைரிசிடியா, வேம்பு, சீமைக்கருவேலம். மிஷின் இல்லாதவன் வரப்போரம் குவித்துத் தீ வைப்பான். தூளாக்கினால் அதுவே மரத்தடி மூடாக்கு. ஈரம் காக்கும், மக்கினால் மண்ணுக்குச் சாப்பாடு. மண்ணில் விழ வேண்டியது புகையாகப் போவதைத் தடுக்கத்தான் இந்த மிஷின்.

சரி, அதற்கு என்ன பழுது? பேரிங் போயிருந்தது, பெல்ட் பிய்ந்திருந்தது, கத்தி மழுங்கியிருந்தது, ஷாஃப்ட் ஓரிடத்தில் தேய்ந்திருந்தது. அவ்வளவுதான். பேரிங்கைத் துடைத்தால் 6208 என்று எண் தெரிகிறது. உள்விட்டம் 40 மில்லிமீட்டர். உலகத்தில் யார் செய்தாலும் அந்த எண்ணுக்கு அதே அளவு. பெல்ட்டில் பி-68 என்று அச்சடித்திருக்கிறது. திருச்சியில் கடைக்காரரிடம் எண்ணைச் சொன்னால் போதும், மிஷின் எந்தக் கம்பெனி என்றுகூடக் கேட்கமாட்டார். ஷாஃப்ட்டை வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடைந்தாயிற்று. கத்தி தீட்டுவதுதான் பொறுமையான வேலை. தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தீட்ட வேண்டும், சூட்டில் விளிம்பு நீலமாகிவிட்டால் பதம் போச்சு. எல்லாக் கத்தியும் ஒரே எடையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் டிரம் குலுங்கிப் புதுப் பேரிங்கையும் தின்றுவிடும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவரிடம் யாரும் “பழசை எடைக்குப் போடு” என்று சொல்லிவிட முடியாது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறை 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு வந்தது. அன்று முதல் அங்கே நடப்பதே இந்த வேலைதான்: ஓடிக் களைத்த இஞ்சினைக் கெடு வைத்து உள்ளே இழுத்து, நட்டு நட்டாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி தண்டவாளத்தில் விடுவது.

ஊட்டி மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பல்சக்கர நீராவி இஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை, கடைசியாக வந்தவை 1952-இல். அதற்கப்புறம் வாங்க ஆளுமில்லை, விற்க ஆளுமில்லை. பொன்மலைக்காரர்கள் பழையதைப் பிரித்துப் பிரித்துக் கற்றார்கள். 2011-இல் எண்ணெயில் ஓடும் புது இஞ்சினையே செய்து இறக்கினார்கள், 2021-இல் நிலக்கரியில் ஓடுவதையும். பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் புதுசு செய்யவும் வரும். அதே மலை ரயிலில் ஏறிப் படம் எடுத்துப் போட்டு “பாரம்பரியம்” என்று உருகுகிற நண்பர், என் களத்துக்கு வந்தால் மட்டும் “காயலான் கடை” என்கிறார். ரயில்வே செய்தால் பெருமை, விவசாயி செய்தால் கஞ்சத்தனமா?

புதுசின் கதையையும் கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் மானியத்தில் புது மிஷின் எடுத்தார். பளபளவென்று நன்றாகத்தான் ஓடியது. ஒரு கத்தி உடைந்தது. அதன் வடிவம் அந்தக் கம்பெனிக்கே உரியது, வெளியில் கிடைக்காது. டீலரைக் கேட்டால் “வரும் சார், சொல்லியிருக்கு” என்கிறார். தோப்பில் மட்டை குவிந்து கிடக்கிறது, மிஷின் தார்ப்பாய்க்குள் புதுசாகவே இருக்கிறது.

மானியத்தைக் குறை சொல்லவில்லை. சிறு, குறு விவசாயிக்கு 50 விழுக்காடு, மற்றவர்க்கு 40 விழுக்காடு என்பது பெரிய உதவி. ஆனால் அது புது மிஷினுக்கு மட்டும். பேரிங் மாற்ற, ஷாஃப்ட் கடைய ஒரு ரூபாய் கிடையாது. அப்புறம் எவன் பழுது பார்ப்பான்? அரசுப் பணமே நம்மைக் காயலான் கடைப் பக்கம் தள்ளுகிறது. பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு போட்டது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். சட்டம்தான் வரவில்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் சட்டமே போட்டுவிட்டது: விவசாய இயந்திரம் செய்கிறவர் உதிரி பாகம், கருவி, கையேடு எல்லாவற்றையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் நியாயமான விலையில் தர வேண்டும்.

“பழைய மிஷின் ஆபத்தில்லையா?” நியாயமான கேள்வி. கதிரடிக்கும் இயந்திரத்தில் கைகளை இழந்தவர்கள் ஏராளம், அதற்காகவே 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் வந்தது. ஆனால் கையை எடுப்பது மிஷினின் வயசு இல்லைங்க, மூடி இல்லாத ஷாஃப்ட். பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு உறை போடாமல் நான் ஸ்டார்ட் பண்ணுவதில்லை. தீனி போடும் வாயை, கை உள்ளே எட்டாத நீளத்துக்குத் தகடு வைத்து நீட்டியிருக்கிறேன். துண்டு, வேட்டியோடு யாரும் கிட்டே வரக்கூடாது. டிரம்மில் விரிசல் இருந்திருந்தால் வெல்டிங் வைக்காமல் நானே எடைக்குப் போட்டிருப்பேன். எதைக் காப்பாற்றலாம், எதைக் கூடாது என்று தெரிவதும் பட்டறை அறிவுதான்.

நான் கேட்பது பெரிசா ஒண்ணுமில்லை. மானியத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்குங்கள், பட்டறை ரசீதை ஏற்றுக்கொள்ளுங்கள். மானியத்தில் விற்கும் கம்பெனி பேரிங், பெல்ட், கத்தி அளவுகளைத் தமிழில் அச்சடித்து மிஷினோடு தரட்டும். பொன்மலையில் ஓய்வு பெற்றவர்களை ஊர் ஊராக அழைத்து நாலு பசங்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பெரியவருக்கு வயது எழுபத்தெட்டு. அவர் கையில் இருப்பதை வாங்கிக்கொள்ள ஊரில் இன்னும் ஒருத்தனும் வரவில்லை.