இசையின் பயனை மறுத்துத்தான் மார்க்கத்தைக் காக்க வேண்டுமா?



இசை கேட்டபடி உடற்பயிற்சி செய்தால் இதயம் பலவீனமடையும், தசைகள் வலுவிழக்கும், இதை விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றொரு செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. எந்த விஞ்ஞானி, எந்த ஆய்வு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அனுப்புகிறவர்களின் நிய்யத்தை நாம் குறை கூறவில்லை. பிள்ளைகள் பாட்டில் மூழ்கிவிடக் கூடாதே என்ற கவலைதான் அவர்களுக்கு. ஆயினும் காதில் விழுந்ததையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது, நல்ல நோக்கத்தோடு அனுப்பப்படும் செய்திகளுக்கும் சேர்த்துத்தான்.

உண்மை என்ன? 1911ஆம் ஆண்டிலேயே லியனார்ட் அயர்ஸ் என்ற அமெரிக்கர், நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் மிதிவண்டிப் பந்தயத்தைக் கணக்கெடுத்து எழுதினார். பேண்டு வாத்தியம் ஒலித்த நேரத்தில் வீரர்களின் சராசரி வேகம் மணிக்கு 19.6 மைல், ஒலிக்காத நேரத்தில் 17.9 மைல். அதற்குப் பின் இத்துறையில் ஏராளமான ஆய்வுகள் வந்துவிட்டன. அவற்றில் 139 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2020இல் வெளியானது. இசை கேட்டுப் பயிற்சி செய்பவருக்கு மனநிலை மேம்படுகிறது, களைப்பு குறைவாகத் தோன்றுகிறது, செயல்திறன் ஓரளவு கூடுகிறது, உடல் செலவிடும் ஆக்ஸிஜனும் சற்றுக் குறைகிறது என்பதே அதன் முடிவு. இதயத் துடிப்பில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. அதாவது, நாம் பரப்பும் செய்தி எந்த இதயத்தைக் காட்டி அச்சுறுத்துகிறதோ, அந்த இதயத்தின் ஓட்டத்தை இசை பெரிதாக மாற்றவே இல்லை.

கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளை இதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுவான். அப்போது அவன் மனத்தில் உடைவது ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டும்தானா? 'இதில் பொய் சொன்னவர்கள் வேறெதில் பொய் சொன்னார்களோ' என்று அவன் ஐயுறத் தொடங்கினால் அந்தப் பழியை யார் ஏற்பது?

இத்தனைக்கும் நமக்கு இந்தப் பொய் தேவையே இல்லை. மதுவைப் பற்றியும் சூதாட்டத்தைப் பற்றியும் கேட்கப்பட்டபோது, அவற்றில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் பாவம் பயனைவிடப் பெரிது என்றே அல்லாஹ் பதிலளித்தான் (அல்குர்ஆன் 2:219). பயனை மறைக்கவில்லை. பிற்பாடு முற்றாகத் தடுக்கப்பட்ட ஒன்றைப் பற்றியே அல்லாஹ் இவ்வளவு நேர்மையாகப் பேசியிருக்க, நாம் யாரைக் காப்பாற்ற ஆய்வுகளைத் திரிக்கிறோம்? (இசையும் மதுவும் ஒரே தரத்திலான தடை என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம், வாதத்தின் அமைப்பை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்.)

அதே வசனம் மறுதரப்பாருக்கும் பதிலாகிறது. 'பயன் இருப்பது நிரூபணமாகிவிட்டது, ஆகவே கூடும்' என்கிறார்கள் நம் இளைஞர்கள் சிலர். பயன் இருப்பது வேறு, ஆகுமாவது வேறு. இசைக்கருவிகள் பற்றி புகாரியில் வரும் ஹதீஸை வைத்து நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களும் அவற்றைத் தடுத்துள்ளனர். திருமணம், பெருநாள் போன்ற வேளைகளில் தஃப் அடிப்பதற்கு இடமளித்துள்ளனர். இப்னு ஹஸ்ம் (ரஹ்) அந்த ஹதீஸின் தொடரை ஏற்காமல் மாற்றுக் கருத்துக் கொண்டார் என்பதும் மறைக்க வேண்டிய செய்தியன்று. நாம் கற்றதும் கற்பிப்பதும் பெரும்பான்மையினரின் முடிவையே. எவ்வாறாயினும் இதைத் தீர்மானிக்கும் இடம் ஃபிக்ஹு நூல், டிரெட்மில் அன்று.

சரி, அந்தப் பயன்தான் எத்தகையது? இத்துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்தவர் லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கராஜார்ஜிஸ். மிதமான நடை, மெல்லோட்டம் ஆகியவற்றின்போதுதான் இசை களைப்பை மறக்கச் செய்கிறது. மூச்சு வாங்கும் கடும் பயிற்சியில் அது களைப்பைக் குறைப்பதில்லை என்பதே அவரும் அவருடன் பணியாற்றியோரும் கண்டது. காரணம் எளிது. மூளையின் கவனத்திற்கு ஓர் எல்லை உண்டு. உடல் இலேசாக உழைக்கும்போது வெளியிலிருந்து வரும் ஓசை அந்தக் கவனத்தைப் பிடித்துக்கொள்ளும். நெஞ்சும் கால்களும் கதறத் தொடங்கினால் எந்தப் பாட்டும் செவியில் ஏறாது. கடினமான நேரத்தில் கைவிட்டு எளிதான நேரத்தில் கூட வருகிற துணை இது. இதை விட்டால் பயிற்சியே செய்ய முடியாது என்று சொல்வதற்கு அந்த ஆய்வுகளிலும் ஆதாரம் இல்லை.

சீரான தாளம் உழைப்பை இலகுவாக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்தேயிருந்தனர். அகழ்ப் போருக்காக மதீனாவில் பள்ளம் தோண்டிய நாள்களை நினைத்துப் பாருங்கள். குளிர், பசி, கெட்டியான மண். நபி (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். அவர்களின் திருவயிற்றைப் புழுதி மூடியிருந்தது. அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் ரஜஸ் கவிதையைச் சொல்லியபடியே சுமந்தார்கள். அடியின் இறுதிச் சொல்லில் குரலை உயர்த்தினார்கள் என்று பராஉ (ரலி) அறிவிக்கிறார்கள். தோழர்களும் கவி சொன்னார்கள், நபியவர்கள் மறுமொழி கூறினார்கள். கருவி ஏதுமில்லை, மனிதக் குரலும் அதன் சந்தமும் மட்டுமே. அன்ஜஷா (ரலி) அவர்களின் இனிய குரலுக்கு ஒட்டகங்கள் விரைந்தபோது, பெண்கள் ஏறியிருப்பதை நினைவூட்டி மெதுவாக ஓட்டச் சொன்னார்கள் நபியவர்கள். சந்தத்திற்கு வேகத்தைக் கூட்டும் ஆற்றல் உண்டென்று ஒப்புக்கொண்டதால்தானே அந்த எச்சரிக்கை!

ஆகவே நடக்கும்போது பைத் சொல்லுங்கள், ஸலவாத் சொல்லுங்கள், அடிக்கு ஒரு திக்ரு என்று எண்ணுங்கள். ஆனால் ஒன்று. பாட்டின் இடத்தில் கிராஅத்தைப் பொருத்திக்கொண்டு டம்பெல் தூக்கும் பழக்கம் பரவுகிறது. குர்ஆன் ஓதப்பட்டால் செவிதாழ்த்தி மௌனமாகக் கேளுங்கள் என்பது இறைக்கட்டளை (7:204). தனியே நடந்தபடி கவனத்தோடு கேட்பதில் தவறில்லை. நண்பனோடு பேச்சும் சிரிப்புமாக இருக்கையில் பின்னணி ஓசையாக அதை ஓடவிடுவது பாட்டுக்கு மாற்றாகாது. அது வேறொரு தவறு.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரமே என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டுக்கு மட்டுமல்ல, பயானுக்கும் இக்கணக்கு பொருந்தும். இரண்டு காதுகளையும் அடைத்துக்கொண்டு விடியற்காலை நெடுஞ்சாலையோரம் ஓடுபவருக்குப் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காது.

நம்மை மிகவும் வருத்துவது இவையன்று. ஜிம்மில் பாட்டு ஒலிக்கிறது என்பதற்காகவே பயிற்சியைக் கைவிட்டவர்கள் நம் ஜமாஅத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, இரத்த அழுத்தம் இருக்கிறது. மருத்துவர் நடக்கச் சொல்லி ஆண்டுகள் ஆகின்றன. கேட்டால் ஐவேளைத் தொழுகையே நமக்கு உடற்பயிற்சி என்கிறார்கள். தொழுகை வணக்கம். அதைச் சர்க்கரைக்கு மருந்தாக அல்லாஹ் கடமையாக்கவில்லை. ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப்பந்தயம் வைத்தார்களே, அவர்கள் தொழாதவர்களா? வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது மருத்துவம். சுபுஹு தொழுதுவிட்டு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் நடந்தால் கணக்கு முடிந்தது. அதற்கு ஜிம்மும் வேண்டாம், பாட்டும் வேண்டாம்.

நம் பெண்களின் நிலை இன்னும் கடினம். தெருவில் நடந்தால் பேச்சு. பெண்கள் மட்டும் செல்லும் ஜிம் இருந்தாலும் அங்கும் பாட்டு. மஹல்லாவில் திருமண மண்டபம் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் பெண்கள் நடக்க அதைத் திறந்துவிட ஜமாஅத் நிர்வாகத்திற்குச் செலவு என்ன? மின்விசிறிக்கான கட்டணம், சாவியைத் தர ஒரு பொறுப்பாளர், அவ்வளவே. ஊர் ஜிம் உரிமையாளரிடம் பத்துப் பேர் சேர்ந்து சென்று, காலை ஆறு முதல் ஏழு வரை ஒலிபெருக்கியை நிறுத்திவைக்கக் கேட்டால், பத்துப் பேரின் மாதக் கட்டணத்தை இழக்க அவரும் விரும்பமாட்டார். வரும் ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகளிடம் இந்த இரண்டு கோரிக்கைகளையும் எழுத்தாகவே கொடுங்கள்.